சுங்கை சிப்புட்டில் ஸ்பானிஷ் வகுப்பு: எட்டு வார அனுபவம்

டவுனில் மளிகைக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் டியூஷன் நிலையம்தான். சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம், எட்டு வாரத்துக்கு 160 வெள்ளி. நேற்றோடு முடிந்தது. சேரலாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் செம்பனைத் தோட்டத்து ஆபீஸில் கிராணி (குமாஸ்தா). சின்ன வயதில் பாட்டியோடு உட்கார்ந்து டிவியில் மெக்சிகோ நாடகம் பார்த்த நாளிலிருந்தே இந்த மொழி மேல் ஆசை. முன்பு இணையத்தில் பணம் கட்டி ஒரு வகுப்பில் சேர்ந்தேன், முதல் நாளே வினைச்சொல் அட்டவணையைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள், இரண்டாவது வாரம் விட்டுவிட்டேன்.

இங்கே சார் போர்டில் முதலில் எழுதியதே தமிழ். ‘பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறோம்’. ‘நான்’ என்று நான் எழுதவே இல்லையே, யார் பேசுவது என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டார். விகுதிதான். ஸ்பானிஷும் அப்படியே: ‘அப்லார்’ என்றால் பேசுதல், கடைசி ‘ஆர்’-ஐ வெட்டிவிட்டு ஒட்ட வேண்டியதுதான். ஆப்லோ, பேசுகிறேன். ஆப்லாஸ், பேசுகிறாய். அப்லாமோஸ், பேசுகிறோம். ஆப்லான், பேசுகிறார்கள். மலாயில் ‘சாயா சக்காப்’ (நான் பேசுகிறேன்), ‘டியா சக்காப்’ (அவர் பேசுகிறார்) என்று வினை மாறாமலே நிற்கும், அதனால் ஆளைச் சொல்லியாக வேண்டும். தமிழும் ஸ்பானிஷும் ஆளை வினைக்குள்ளேயே வைத்திருக்கின்றன. பள்ளியில் இலக்கணத்தைக் கண்டு பயந்த எனக்கு அந்த ஐந்து நிமிடத்தில் எல்லாம் பிடிபட்டது.

‘ஆப்லா’ ஒன்றே அவன், அவள், அவர் எல்லோருக்கும் போதும், ஆண் பெண் வித்தியாசம் இல்லை. மரியாதையான ‘நீங்கள்’, அதாவது ‘உஸ்தேத்’, அதற்கும் இதே வடிவம். பெரியவர்களிடம் ‘ஆப்லாஸ்’ சொல்லிவிடாதீர்கள் என்று சார் அழுத்திச் சொன்னது எனக்குப் பிடித்தது.

குறையும் உண்டு. ‘எர்’, ‘இர்’ என்று முடியும் வினைகளை ஒரே வாரத்தில் ஓட்டிவிட்டார். சாப்பிடுகிறேன் ‘கோமோ’, வாழ்கிறேன் ‘பீவோ’, இது வரை ஒன்றுபோலத்தான், ஆனால் சாப்பிடுகிறோம் ‘கொமேமோஸ்’, வாழ்கிறோம் ‘பிவீமோஸ்’. பாதிப் பேர் இந்த இடத்தில் தடுமாறினோம், நிறுத்திச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். ‘வொசோத்ரோஸ்’, அதாவது பல பேரைப் பார்த்துச் சொல்லும் ‘நீங்கள்’, அந்த வடிவத்துக்கு மட்டும் ஒரு முழு வகுப்பு போனது. அது ஸ்பெயினில் பேசுவது, லத்தீன் அமெரிக்காவில் ‘உஸ்தேதெஸ்’தான், என்னைப்போல மெக்சிகோவை நினைத்து வந்தவர்களுக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. பேச்சுப் பயிற்சியும் போதாது. அப்புறம், ஏர்கோன் இல்லை, ஜன்னல் பக்கம் இடம் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் நேற்றுக் காலை தோட்டத்தில் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்து ஆட்கள் வேலைக்குக் கிளம்பியபோது ‘ட்ரபாஹான்’ என்று தானாக வாயில் வந்தது, வேலை செய்கிறார்கள். அட்டவணையைப் பார்க்கவே இல்லை. அடுத்த எட்டு வாரத்துக்கும் பணம் கட்டிவிட்டேன்.