ஓபன்சிபிஎன் மதிப்புரை: மூல நிரலிலிருந்து கட்டி, பாக் நீரிணையில் ஓட்ட

படகு நிற்கும் இடத்தைக் கடல் வரைபடத்தில் காட்டும் ஜிபிஎஸ் பிளாட்டரின் வேலையை ஒரு சின்னக் கணினியில் செய்துதரும் திறமூல மென்பொருள் ஓபன்சிபிஎன். ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது, காசு கிடையாது, லினக்ஸில் நன்றாக ஓடும். மண்டபம், பாம்பன், தொண்டி, கீழக்கரைப் பக்கம் ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினியில் இதை மூல நிரலிலிருந்து தொகுத்து (அதைத்தான் 'கட்டுவது' என்கிறோம்) ஓட்ட நினைப்பவர்களுக்கு எங்கள் தீர்ப்பு இது: மென்பொருள் அருமை, கட்டுவதும் கடினமில்லை. ஆனால் வரைபடத்திலும் எல்லைப் புள்ளிகளிலும் கோட்டைவிட்டால், எவ்வளவு சுத்தமாகக் கட்டியிருந்தாலும் படகுக்கு ஆபத்துதான்.

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் நிலையான களஞ்சியத்தில் இருப்பது பெரும்பாலும் சற்றுப் பழைய வெளியீடு. அதுவே போதும் என்றால் அதன் பொதி நிறுவியான ஆப்ட் வழியாக நிறுவிவிட்டுப் போகலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. புதிய வெளியீட்டின் திருத்தங்கள் வேண்டும், நிரலில் ஓரிடத்தை மாற்ற வேண்டும், அல்லது ஒரே மாதிரியான பொதியை நாலைந்து படகுகளுக்குத் தர வேண்டும் என்பவர்களுக்கே மூல நிரல்.

விசைப்படகுகள் கரையில் நிற்கும் தடைக்காலம், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள், இந்த வேலைக்குத் தோதானது. சிக்கல் என்னவென்றால் அதுதான் ஆண்டின் கொடும் வெயில் காலமும். தொகுக்கும்போது நான்கு கோர்களும் முழு மூச்சில் ஓடும். பை 4 தன் வெப்பம் 80 டிகிரியை எட்டியதும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஹீட்சிங்க்கும் ஃபேனும் இல்லாமல் தகரக் கூரைக்குக் கீழே கட்டாதீர்கள். மின்சாரம் 5.1 வோல்ட், 3 ஆம்பியர் தரும் அடாப்டரிலிருந்து வர வேண்டும். ஃபோன் சார்ஜரும் மெல்லிய கேபிளும் மின்னழுத்தத்தை இறக்கிவிடும், திரை ஓரத்தில் மின்னல் குறி வரும்.

தொகுப்பான் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று நின்றால், எந்தக் கோப்பில் நின்றது என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு கோப்பு என்றால் சூடு, மின்சாரம், எஸ்டி அட்டை என்று வன்பொருளைச் சந்தேகியுங்கள். எப்போதும் ஒரே கோப்பு என்றால் நூலகப் பதிப்பையும் நிரலையும் பாருங்கள். இதை முதலில் பிரித்துக்கொண்டால் பாதி வேலை மிச்சம்.

படிகள் நேரானவை. களஞ்சியப் பட்டியலில் மூலப் பொதிக்கான வரி '#' முன்குறியோடு செயலிழந்து கிடக்கும், அந்தக் குறியை நீக்கிவிடுங்கள். பிறகு 'ஆப்ட் பில்ட்-டெப் ஓபன்சிபிஎன்' என்று கொடுத்தால் தேவையான நூலகங்கள் வந்துவிடும். அந்தப் பட்டியல் பழைய வெளியீட்டுக்கானது என்பதால் ஒன்றிரண்டு குறையலாம், எது குறைகிறது என்று, கட்டுமானத்தைத் தயார்செய்யும் கருவியான சிமேக்கே பெயர் சொல்லி நிற்கும். மூல நிரல் இருக்கும் கிட் களஞ்சியத்தில் மாஸ்டர் கிளையை எடுக்காதீர்கள், அது வளர்ந்துகொண்டிருக்கும் நிரல். வெளியீட்டுக் குறிச்சொல்லைக் கொடுத்து, 'டெப்த் 1' என்ற தெரிவோடு குளோன் செய்தால் முழு வரலாறும் இறங்காது, மொபைல் டேட்டா மிஞ்சும். பில்ட் என்று தனி அடைவு ஒன்றை உருவாக்கி, அதற்குள் நின்று சிமேக்கை ஓட்டுங்கள். கட்டும் வகை 'ரிலீஸ்' என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

அடுத்து, தொகுப்பை நடத்தும் மேக் கட்டளைக்கு எத்தனை இணை வேலை என்பதை ரேம் தீர்மானிக்கட்டும். திரை இடைமுகத்துக்கான நூலகமான டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸின் (சுருக்கமாக டபிள்யூஎக்ஸ்) தலைப்புக் கோப்புகளை இழுக்கும் ஒவ்வொரு சி++ கோப்பும் சில நூறு எம்பி நினைவகம் தின்னும். 2 ஜிபி ரேம் உள்ள பை 4-இல் நான்கு வேலை கொடுத்தால் 'கில்டு' என்ற ஒற்றைச் சொல்லோடு தொகுப்பான் செத்துவிடும். அது நிரல் பிழை அல்ல, நினைவகம் தீர்ந்து இயங்குதளத்தின் கெர்னல் வெட்டியது. வேலையை இரண்டாகக் குறையுங்கள், அல்லது ரேமுக்குத் துணையாக அட்டையில் ஒதுக்கும் ஸ்வாப்பை 2048 எம்பி ஆக்குங்கள். புதிதாக வாங்குபவர்கள் 4 ஜிபிக்குக் கீழே போக வேண்டாம்.

பை 4-இல் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. மின்வெட்டுக்குப் பின் இணையமில்லாமல் எழுந்தால் கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்தே தொடரும். கோப்புகளின் நேரம் கணினி நேரத்தைவிட முன்னால் இருந்தால் மேக் 'கிளாக் ஸ்க்யூ' என்று எச்சரிக்கும், சில கோப்புகளைத் தொகுக்காமலும் தாண்டலாம். நேரத்தைச் சரிசெய்து, 'மேக் கிளீன்' கொடுத்துத் திரும்பக் கட்டுங்கள். டபிள்யூஎக்ஸ் பதிப்பை இடையில் மாற்றினால் சிமேக் பழைய அமைப்பை நினைவில் வைக்கும் சிமேக்கேஷ் (CMakeCache.txt) கோப்பை அழித்தாக வேண்டும், இல்லையென்றால் பழைய பாதையையே பிடித்துக்கொண்டிருக்கும்.

'மேக் இன்ஸ்டால்' எல்லாவற்றையும் /usr/local அடைவுக்குள் போடும், ஆப்டுக்கு அது தெரியாது. முன்பே ஆப்ட் வழியாக ஒரு பிரதி இருந்தால் இரண்டும் ஒரே அமைப்புக் கோப்பைப் பகிர்ந்துகொண்டு குழப்பும். பழையதை முதலில் நீக்குங்கள். அதைவிட நல்ல வழி 'மேக் பேக்கேஜ்': டெப் பொதி ஒன்று கிடைக்கும், கரையில் ஒருமுறை கட்டி, அதே இயங்குதளம் உள்ள எல்லாப் படகுக் கணினிகளிலும் டிபிகேஜி கட்டளை கொண்டு நிறுவலாம், நீக்குவதும் சுத்தமாக இருக்கும். இந்த மென்பொருளில் எங்களுக்கு மிகவும் பிடித்த வசதி இதுதான். மேம்படுத்தும் முன் வீட்டு அடைவில் உள்ள '.opencpn' அடைவை முழுதாகப் பிரதியெடுங்கள், பாறை குறித்த புள்ளிகளெல்லாம் அதற்குள்தான்.

யுஎஸ்பி ஜிபிஎஸ் செருகியும் இடம் காட்டவில்லையா? பயனர் 'டயல்அவுட்' குழுவில் இருக்கிறாரா என்று பாருங்கள். ஜிபிஎஸ் தரவைப் பிற நிரல்களுக்குப் பகிரும் ஜிபிஎஸ்டி என்ற பின்னணி நிரல் ஓடிக்கொண்டிருந்தால் அது யுஎஸ்பி போர்ட்டைப் பிடித்துவைத்திருக்கும்: ஒன்று அதை நிறுத்துங்கள், அல்லது ஓபன்சிபிஎன்னை ஜிபிஎஸ்டியின் 2947 என்ற நெட்வொர்க் போர்ட்டோடு இணையுங்கள். யுஎஸ்பி போர்ட்டின் எண் ஒவ்வொரு முறை செருகும்போதும் மாறக்கூடும், '/dev/serial/by-id' பாதையைக் கொடுத்தால் மாறாது. உப்புக்காற்று யுஎஸ்பி முனைகளைப் பச்சை பிடிக்க வைக்கும், சமிக்ஞை விட்டுவிட்டு வந்தால் மென்பொருளைத் திட்டுவதற்கு முன் முனையைத் துடையுங்கள்.

இனி வரைபடம். மென்பொருளோடு வரும் உலகப் பின்னணிப் படம் வெறும் கரை உருவம், ஆழம் கிடையாது. தனுஷ்கோடிக்கு அப்பால் உள்ள மணல் திட்டுகளை அதில் தேடவே கூடாது. முறையான மின்வரைபடங்களை வெளியிடுவது டேராடூனில் உள்ள தேசிய ஹைட்ரோகிராஃபிக் அலுவலகம். குறியாக்கம் செய்த எஸ்-63 வகைக்குத் தனிச் செருகுநிரலும் அனுமதிச் சாவியும் வேண்டும். அந்தச் செருகுநிரல் உங்கள் ஏஆர்எம் கணினியில் ஓடுகிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். குறியாக்கம் இல்லாத எஸ்-57 வகை வரைபடத்தை முதல்முறை திறக்கும்போது மென்பொருள் அதைத் தன் வடிவத்துக்கு மாற்றும், பை 4-இல் இது மெதுவாகவே நடக்கும். ஆகவே கரையிலேயே எல்லாத் தாள்களையும் ஒருமுறை திறந்துவிடுங்கள்.

இந்தியா-இலங்கை கடல் எல்லை 1974, 1976 உடன்படிக்கைகளில் புள்ளிகளாகத் தரப்பட்டுள்ளது, எல்லாம் டிகிரியும் நிமிடமும். உள்ளிடும்போது நடக்கும் தவறு கொடுமையானது. 1974 உடன்படிக்கைப் புள்ளிகளில் ஒன்று வடக்கு 9 டிகிரி 21.80 நிமிடம். அதை 9.2180 என்று தட்டிவிட்டால் அது தசம டிகிரி ஆகிவிடும். சரியான தசம மதிப்பு 9.3633. புள்ளி 8.7 கடல் மைல் தெற்கே நகர்ந்துவிடும், ஏறத்தாழ 16 கிலோமீட்டர். இங்கே அந்த தூரத்துக்குள் சிறைபிடிப்பே நடந்துவிடும். டிகிரி, இடைவெளி, நிமிடம் என்று '9 21.80' வடிவத்திலேயே கொடுங்கள். உள்ளிட்ட பிறகு உடன்படிக்கைப் பட்டியலோடு இருவர் சேர்ந்து, ஒருவர் வாசிக்க ஒருவர் சரிபாருங்கள்.

எல்லைக் கோட்டைப் பயணப் பாதையாக (ரூட்) மட்டும் வரைந்தால் எச்சரிக்கை ஒலிக்காது. ஓடிரா செருகுநிரலில் எல்லைப் பரப்பாக வரைந்து, வாட்ச்டாக் செருகுநிரலை அதைக் கவனிக்கச் சொல்ல வேண்டும். வலை போட்ட படகு சட்டென்று திரும்பாது, வாடைக்காற்றும் நீரோட்டமும் இழுக்கும், எனவே எச்சரிக்கைப் பரப்பை எல்லைக்கு இப்பால் சில கடல் மைல் உள்ளே தள்ளி வரையுங்கள். டீசல் எஞ்சின் இரைச்சலில் சாதாரண ஸ்பீக்கர் கேட்காது, பையின் 3.5 மிமீ ஆடியோ துளையிலிருந்து ஆம்ப்ளிஃபையர் வைத்த ஹாரனுக்குக் கம்பி இழுங்கள்.

செருகுநிரல்களில்தான் மூல நிரல்காரர்களுக்கு ஒரு குறை. மென்பொருளுக்குள் இருக்கும் செருகுநிரல் மேலாளர் தருவது ஏற்கெனவே தொகுத்த கோப்புகள். டபிள்யூஎக்ஸ், அதற்கு அடியில் உள்ள ஜிடிகே நூலகம் ஆகியவற்றின் பதிப்புகள் உங்கள் கட்டுமானத்தோடு பொருந்தாவிட்டால் அவை ஏறவே ஏறாது. இயங்குதளத்தோடு வரும் டபிள்யூஎக்ஸையே வைத்துக் கட்டினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. வேறு பதிப்பு வேண்டும் என்றால் ஓடிராவையும் வாட்ச்டாக்கையும் அவற்றின் சொந்த மூல நிரலிலிருந்து அதே கணினியில், அதே டபிள்யூஎக்ஸ் கொண்டு தனியாகக் கட்டிக்கொள்ள வேண்டும்.