எம்-சாண்ட் என்று சொல்லி கிரஷர் டஸ்ட் இறக்குகிறார்கள், கவனம்

ஒத்தக்கடை பக்கம் மாடித் தளம் போட வேண்டிய வீடு. ராத்திரியில் 3 யூனிட் "எம்-சாண்ட்" (ஆற்று மணலுக்குப் பதிலாகக் கல்லை உடைத்துச் செய்யும் மணல்) இறங்கியது. விடிந்து பார்த்தால் பெரும்பகுதி டஸ்ட். சப்ளையர் சொன்ன பதில்: "எல்லா சைட்டுக்கும் இதுதாங்க போகுது." மாற்றித் தரவில்லை.

ஜல்லி உடைக்கும்போது மிஞ்சும் தூள்தான் டஸ்ட். எம்-சாண்ட் என்றால் வி.எஸ்.ஐ. மெஷினில் (கல்லை வேகமாகச் சுழற்றி மோதவிட்டு உடைப்பது) மணி மணியாக உடைத்து, சலித்து, கழுவி வர வேண்டும். இரண்டும் ஒரே கருங்கல், நிறத்தை வைத்துப் பிரிக்க முடியாது. ஐ.எஸ். 383 (2016) என்ற இந்தியத் தர விதிப்படி, உடைத்த மணலில் 75 மைக்ரானுக்கும் நுண்ணிய தூள் எடையில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

தாண்டினால் அந்தத் தூள் தண்ணீரை இழுக்கும். கலவை கெட்டியாகி கம்பிக்கு நடுவே இறங்காது. உடனே கொத்தனார் ஹோஸைத் திறந்துவிடுவார். எம்20 என்ற கான்கிரீட் கலவைக்கு (சிமென்ட் 1, மணல் 1½, ஜல்லி 3) ஒரு மூட்டை சிமென்ட்டுக்கு 30 லிட்டர் தண்ணீர்தான் உச்சம், மணலில் இருக்கும் ஈரமும் அதில் சேர்த்தி. அதற்கு மேல் போனால் பலம் குறையும், தளத்தில் மயிரிழை வெடிப்பு வரும், மேல்பரப்பு தேய்த்தால் பொடியாக உதிரும். "சிமென்ட் கொஞ்சம் கூடப் போட்டா சரியாயிரும்" என்பார்கள். நம்பாதீர்கள், செலவும் வெடிப்பும்தான் கூடும்.

காய்ந்த சாண்டை ஒரு கைப்பிடி இறுக்கிப் பிடித்து உதறுங்கள். உள்ளங்கையில் மாவாக அப்பிக்கொண்டால் சந்தேகம்தான். அடுத்து, வாணலியில் வறுத்து ஈரம் போக்கி 1 கிலோ நிறுத்து, வாளியில் அலசி, கலங்கல் நீரை மட்டும் மெதுவாக இறுத்துவிடுங்கள். நீர் தெளியும்வரை அலசி, திரும்ப வறுத்து நிறுங்கள். 150 கிராமுக்கு மேல் குறைந்திருந்தால் லேபில் சல்லடை டெஸ்ட் பார்க்காமல் கான்கிரீட் போடாதீர்கள். வாளிக் கணக்கு குத்துமதிப்புதான். பூச்சுக்கான பி-சாண்டையும் கான்கிரீட்டுக்குத் தள்ளிவிடுவார்கள், அதுவும் ஆகாது.

அளவிலும் அடி. 1 யூனிட் 100 கன அடி. டிப்பர் உள்பக்கம் 12 அடி நீளம், 7 அடி அகலம், சரக்கு 3 அடி உயரம் என்றால் 252 கன அடி, அதாவது இரண்டரை யூனிட்தான். நடுவில் குவித்து மூன்று என்பார்கள். மூலைகளிலும் கம்பியை விட்டு உயரம் பாருங்கள். ஈர சாண்ட் உப்பி நிற்கும், அதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

பகலில் மட்டும் இறக்கச் சொல்லுங்கள். பொதுப்பணித்துறை ஒப்புதல் உள்ள பிளான்ட்டா என்று கேளுங்கள். பில்லில் "கான்கிரீட் எம்-சாண்ட்" என்ற வார்த்தையும் பிளான்ட் பெயரும் வண்டி நம்பரும் இருக்கட்டும். வெறும் "சாண்ட்" என்று எழுதிய பில்லை வைத்துக்கொண்டு ஒன்றும் கேட்க முடியாது.