கார மஃபின் விற்க எது உதவும்: காசு கட்டிய விளம்பரமா, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸா?

காட்பாடியில் வீட்டிலேயே கார மஃபின் போட்டு விற்கிறேன். கேக் செய்பவர்கள் இங்கே தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். காரத்தில் ஆள் குறைவு. அதை நாலு பேருக்குத் தெரியவைக்க ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். இப்போது ஸ்டேட்டஸ் பக்கம்தான் இருக்கிறேன்.

ஸ்டேட்டஸ் இலவசம். விளம்பரத்துக்குக் காசு, அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஆனால் முகம் தெரியாதவர்களிடம் போய்ச் சேருவது விளம்பரம்தான். இதெல்லாம் தெரிந்த கதை.

முடிவு செய்ய வைத்தது மஃபினின் ஆயுள். இனிப்பு மஃபினில் சர்க்கரை ஈரத்தைப் பிடித்து வைக்கும். மறுநாளும் மெத்தென்று இருக்கும். காரத்தில் அந்த வசதி இல்லை. வெங்காயத்தை வதக்கி, ஆறவிட்டு, பச்சை மிளகாய், கொத்தமல்லி, சீஸ், தயிரோடு மாவில் சேர்த்து 180 டிகிரியில் வைத்தால் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் மேலே வெடித்து எழும்பும். (வெங்காயத்தை வதக்காமல் போட்டால் தண்ணீர் விட்டு நடுவில் வேகாமல் பிசுபிசுக்கும்.) காலையில் எடுத்தது சாயங்காலம் வரை அருமை, மறுநாள் வறட்டி. வேலூர் வெயிலில் சீஸ் போட்டதை வெளியே வைக்கவும் பயம். ஆகவே ஆர்டர் கையில் வந்த பிறகுதான் ஓவனைப் போட வேண்டும்.

ஸ்டேட்டஸ் அதற்குத் தோதானது. "நாளைக்கு கீரை சீஸ், ஆறு பீஸ் பாக்ஸ், ராத்திரி ஒன்பது மணிக்குள்ள சொல்லுங்க" என்று முந்தின நாள் மாலை போடுவேன். "அக்கா, ரெண்டு பாக்ஸ், பையன் டியூஷன் போறதுக்குள்ள வேணும்" என்று பதில் வரும். எண்ணி மாவு கலக்கலாம். 24 மணி நேரத்தில் ஸ்டேட்டஸ் தானே மறைந்துவிடுவதால் பழைய மெனுவைக் காட்டி யாரும் கேட்பதில்லை.

விளம்பரம் அப்படி நேரம் பார்த்து ஆள் கொண்டுவராது. லைக்கை நோக்கமாக வைத்தால் லைக் போடும் பழக்கமுள்ளவர்களையே தேடிப் பிடிக்கும். மெசேஜ் என்று வைத்தால் விசாரிப்பு வரும், ஆனால் எங்கிருந்து? ராணிப்பேட்டைக்கு அனுப்புவீர்களா என்பார்கள். ஒரு பாக்ஸுக்கு அவ்வளவு தூரம் ஆள் அனுப்பினால் கட்டாது. வரைபடத்தில் பின் குத்திச் சுற்றளவைச் சுருக்கினாலும், ஊரில் இருப்பவர்களோடு சமீபத்தில் வந்துபோனவர்களுக்கும் காட்டுகிறது. சிஎம்சி மருத்துவமனையில் வைத்தியம் பார்க்க வெளிமாநிலத்துக்காரர்கள் வந்துபோகும் ஊர் இது. ஊர் திரும்பிவிட்ட ஒருவர் விலை கேட்டால் என்ன சொல்வது?

ஸ்டேட்டஸின் பலவீனமும் சின்னதல்ல. வாங்குபவர்கள் என் எண்ணையும் நான் அவர்கள் எண்ணையும் சேமித்திருந்தால்தான் கண்ணில் படும். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேரைத்தான் சேர்க்க முடியும், அதிலும் என் எண்ணைச் சேமித்தவருக்கே போகும். அதனால் பாக்ஸ் மூடியிலேயே எண்ணை ஒட்டி, "சேவ் பண்ணிட்டு ஒரு ஹாய் அனுப்புங்க" என்று எழுதிவிடுகிறேன்.

ஆபீஸ் மீட்டிங், பிறந்தநாள் மாதிரி மொத்த ஆர்டருக்கு விளம்பரம் வேறு பலன் தரலாம். நான் அதற்கென்று போட்டுப் பார்த்ததில்லை. அடுத்து விஐடி பல்கலைக்கழகத்துக்குப் புதுப் பிள்ளைகள் வந்து சேரும் சமயத்தில், காட்பாடிக்குள் மட்டும் சின்னதாக ஒரு விளம்பரம் போட யோசனை இருக்கிறது. அதுவும் எண்களைச் சேர்க்கத்தான்.