ஆடியாலஜியா, ஸ்பீச்சா? டெல்டாவுக்குத் திரும்பி வரப்போகிறவர்களுக்கு

காது கேட்பதையும் பேச்சையும் சேர்த்துப் படிக்கும் பி.ஏ.எஸ்.எல்.பி. இளநிலைப் படிப்பில் இன்டர்ன்ஷிப்பில் இருக்கும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி: எம்.எஸ்சி.யில் ஆடியாலஜி (காது கேட்கும் திறன்) எடுக்கவா, ஸ்பீச் (பேச்சுப் பயிற்சி) எடுக்கவா? இளநிலையில் இரண்டும் ஒரே படிப்பு. மூன்று வருடம் வகுப்பு, ஒரு வருடம் இன்டர்ன்ஷிப், ஆர்.சி.ஐ.யில் (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு செய்துவிட்டால் காது டெஸ்டும் எடுக்கலாம், பேச்சுப் பயிற்சியும் கொடுக்கலாம். முதுநிலையில்தான் பாதை பிரிகிறது. கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், பட்டுக்கோட்டை பக்கம் வந்து வேலை பார்க்கும் எண்ணம் இருந்தால் ஸ்பீச் எடுங்கள். காரணம் சொல்கிறேன்.

காது டெஸ்ட் எப்போதாவது ஒரு நாள் வேலை. பெரா (சத்தத்துக்குக் காது நரம்பும் மூளைத்தண்டும் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்கும் டெஸ்ட்) எடுக்க வேண்டுமென்றால் அம்மா குழந்தையைத் தட்டித் தூங்கவைப்பார், நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் எலக்ட்ரோடு ஒட்டுவோம், குழந்தை முழித்துக்கொள்ளாமல் இருந்தால் அன்றைக்கே முடிந்துவிடும். அதற்காகத் தஞ்சாவூரோ திருச்சியோ ஒருநாள் போய்வரச் சிரமம்தான், ஆனாலும் போய்வந்துவிடுவார்கள். பேச்சுப் பயிற்சி அப்படி இல்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், வருடக்கணக்கில். வேதாரண்யத்திலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு, நடவு நாளில் கூலியை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி எத்தனை மாதம் வருவார்கள்? முதலில் வாரம் ஒருநாள் ஆகும், அப்புறம் மாதம் ஒருநாள், அப்புறம் நின்றே போகும்.

இதில் பெரிய இழப்பு காக்ளியர் இம்பிளான்ட் (அறுவை செய்து உள்காதில் பொருத்தும் கேட்கும் கருவி) வைத்த குழந்தைகளுக்குத்தான். லட்சக்கணக்கில் ஆகும் அறுவை சிகிச்சையை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இலவசமாகச் செய்கிறார்கள், அது பெரிய விஷயம். ஆனால் கருவி ஒலியைத்தான் உள்ளே கொண்டுபோகும். அந்த ஒலிக்கு அர்த்தம் இருக்கிறது என்பதைக் குழந்தை பழகித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வாயை ஒரு அட்டையால் மறைத்துக்கொண்டு ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்று ஒவ்வொன்றாகச் சொல்வோம், சத்தம் கேட்டதும் குழந்தை கையிலிருக்கும் மணியை டப்பாவில் போட வேண்டும். ஆவுக்கு உடனே போட்டுவிடும். ஸ்ஸுக்கு நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். அதுவும் விழுகிற நாள் வரைக்கும் கூடவே உட்கார ஆள் வேண்டும், அந்த ஆள் பக்கத்து ஊரிலேயே இருக்க வேண்டும்.

இந்தப் பக்கம் ஆடியாலஜிக்கு வேலையே இல்லை என்று சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்து தவில் வாசிப்பவர்கள், ரைஸ் மில்லில் நிற்பவர்கள், பாத்திரப் பட்டறையில் தட்டுபவர்கள் எல்லாம் இங்கே இருக்கிறார்கள். 85 டெசிபலுக்கு மேல் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தால் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், போனது திரும்பாது. சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யும் குடும்பங்களில் பிறவியிலேயே காது கேளாத குழந்தைகள் பிறக்கும் வாய்ப்பும் கூடுதல். வருமானமும் ஆடியாலஜியில் சீக்கிரம் வரும், காது மெஷின் கம்பெனிகள் படித்து முடித்தவுடன் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அங்கே விற்பனை டார்கெட் தலைக்கு மேல் நிற்கும். தனியாகத் தொடங்கலாம் என்றால் சத்தம் புகாத அறை, ஆடியோமீட்டர், பெரா மெஷின் என்று முதலே பல லட்சம் வேண்டும். ஸ்பீச்சுக்கு ஒரு அமைதியான அறை, பாய், கண்ணாடி, நாலு பொம்மை இருந்தால் போதும்.

எங்கே படிப்பது என்பதிலும் இது மாறும். ஆடியாலஜி என்றால் 1965-ல் தொடங்கிய மைசூர் அய்ஷை (பேச்சு, கேட்டல் துறைக்கான அகில இந்திய நிறுவனம்) முதலில் பாருங்கள், அங்கே கருவிகளும் ஆராய்ச்சியும் பலம். ஸ்பீச் என்றால் நான் சென்னையைத்தான் சொல்வேன். மைசூர் கிளினிக்குக்கு வருபவர்களில் கன்னடம் பேசுபவர்களே அதிகம். நாளைக்கு நீங்கள் ழகரம் வராத பையனோடும், பக்கவாதத்தில் பேச்சு போய் பேத்தி பெயர் நாக்கில் வராமல் தவிக்கும் தாத்தாவோடும் தமிழில்தான் உட்காரப் போகிறீர்கள். அந்தப் பழக்கம் படிக்கும்போதே கைக்கு வர வேண்டும்.

வெளிநாட்டுக் கணக்கு போடுபவர்களுக்கு ஒரு வரி: அமெரிக்காவில் ஆடியாலஜிஸ்ட் ஆக முனைவர் நிலைப் படிப்பு வேண்டும், ஸ்பீச்சுக்கு முதுநிலை போதும்.

எதை எடுத்தாலும் ஒரு வேலை இரண்டு பேருக்கும் பொது. குழந்தை இன்னும் பேசவில்லை என்றால் "அவன் மாமனே அஞ்சு வயசுலதான் பேசினான்" என்று பாட்டி சொல்வார், நாக்கில் வசம்பு உரசித் தடவுவார்கள், சீர்காழி பக்கம் திருக்கோலக்காவில் ஓசை கொடுத்த நாயகியிடம் வேண்டிக்கொள்வார்கள். கோயிலுக்குப் போவதைத் தடுக்காதீர்கள், அந்த அம்மாவுக்கு அது பெரிய தெம்பு. ஆனால் அதே வாரத்தில் காது டெஸ்டும் எடுக்கச் சொல்லுங்கள். மொழி வேகமாகப் படிகிற முதல் சில வருடங்களைக் காத்திருந்தே கழித்துவிட்டு ஐந்து வயதில் வருகிற குழந்தைக்கு ஆடியாலஜிஸ்ட்டாலும் ஸ்பீச் தெரபிஸ்ட்டாலும் செய்ய முடிவது குறைந்துபோகிறது.