இருபதாயிரத்தில் ஐந்து கார்டா, ஒரு லட்சத்தில் ஒரே கார்டா?

என் அத்தை மகன் திருத்துறைப்பூண்டி பக்கம் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார், கூடவே மூன்று ஏக்கர் நெல். போன வருடம் வீட்டுக் கடனுக்குப் போனபோது வங்கியில் அவரிடம் முதலில் கேட்டது, "இத்தனை கார்டு எதுக்குங்க வச்சிருக்கீங்க?" என்றுதான். ஐந்து கிரெடிட் கார்டு, ஒவ்வொன்றிலும் இருபதாயிரம் லிமிட். ஒன்று தஞ்சாவூரில் ஜவுளி எடுக்கப் போன இடத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் கொடுத்தது, இரண்டு போனில் பேசியே தலையில் கட்டியது. மற்றவை எப்படி வந்தன என்று அவருக்கே சரியாக நினைவில்லை. "கார்டு நெறைய இருந்தா சிபில் வுழுந்துடுமா தம்பி?" என்று நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

நாம் கடனை எப்படிக் கட்டுகிறோம் என்று பதிவு வைத்து மதிப்பெண் போடும் நிறுவனம் சிபில், அந்த மதிப்பெண்தான் ஸ்கோர். கார்டு எண்ணிக்கை மட்டும் அதைக் கீழே தள்ளாது. ஐந்து கார்டு வைத்து ஐந்தையும் ஒழுங்காகக் கட்டுகிறவருக்கு நல்ல ஸ்கோர் இருக்கும், ஒரே கார்டை நிரப்பி வைத்து மினிமம் டியூ என்ற குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு போகிறவருக்கு இருக்காது. ஆனால் குறைந்த லிமிட்டில் பல கார்டு வைத்திருக்கும்போது தவறு நடக்கும் வாசல்கள் கூடிவிடுகின்றன. அதனால் இரண்டு வகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டிலும் மொத்த லிமிட் ஒரு லட்சம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எவ்வளவு பயன்படுத்துகிறோம் என்ற கணக்கு. லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் செலவு இருந்தால் நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள். சட்டம் ஒன்றும் இல்லை, ஒரு வழக்கமான அளவுகோல். தீபாவளிக்கு 18,000 ரூபாயில் ஒரு வாஷிங் மெஷின் வாங்குகிறீர்கள். ஒரு லட்சம் கார்டில் தேய்த்தால் 18 சதவீதம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இருபதாயிரம் கார்டில் தேய்த்தால் அந்த ஒரு கார்டு மட்டும் 90 சதவீதம் நிரம்பியதாக நிற்கும். ஐந்தையும் கூட்டினால் அதே 18 சதவீதம்தானே என்றால், சரிதான், மொத்தக் கணக்கும் பார்க்கப்படுகிறது. ஆனால் சிபில் ரிப்போர்ட்டில் ஒவ்வொரு கார்டும் தனி வரியாக, தன் லிமிட்டோடும் நிலுவையோடும்தான் வரும், அதைப் படிக்கும் கடன் அதிகாரியின் கண் நிரம்பிக் கிடக்கும் வரியில்தான் போய் நிற்கும். சின்ன லிமிட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு: மாத பில்லான ஸ்டேட்மெண்ட் போடுவதற்கு முன்பே பாதியைக் கட்டிவிடுங்கள். சிபிலுக்குப் போகும் நிலுவை குறையும் என்பதால் அது பெரும்பாலும் வேலை செய்யும். ஆனால் ஐந்து கார்டுக்கு ஐந்து ஸ்டேட்மெண்ட் தேதியை யார் நினைவில் வைத்துக்கொள்வது?

எனக்கு இதுதான் முக்கியமான வித்தியாசமாகப் படுகிறது. டெல்டாவில் நிறைய வீடுகளில் பணம் மாதம் முதல் தேதி வருவதில்லை. குறுவை அறுத்தால் ஒரு தடவை, சம்பா அறுத்தால் ஒரு தடவை, அதுவும் கொள்முதல் நிலையத்தில் மூட்டை எடை போட்டு, பணம் கணக்கில் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். கடை வைத்திருப்பவருக்கும் விவசாயி கையில் காசு வந்தால்தான் வியாபாரம். இப்படி வருமானம் வருகிற ஊரில் மாதத்தில் ஐந்து டியூ தேதி என்பது ரொம்ப அதிகம். கையில் பணம் இருந்தும் தேதி தவறிவிடும். ரிசர்வ் வங்கி விதிப்படி டியூ தேதி தாண்டி மூன்று நாளுக்கு மேல் போனால்தான் தவறியதாகப் பதிவு செய்யலாம், அபராதமும் போடலாம். அந்த மூன்று நாள் ஒரு கார்டு வைத்திருப்பவரைக் காப்பாற்றும். ஐந்து வைத்திருப்பவருக்கு எந்தக் கார்டு தவறியது என்பதே தெரியாமல் போய்விடும்.

அத்தானுக்கு நடந்தது அதுதான். இருவரும் உட்கார்ந்து ரிப்போர்ட்டை வரி வரியாகப் பார்த்தோம். நான்கு கார்டு சுத்தம். ஐந்தாவது, அவர் ஒரு தடவைகூடத் தேய்க்காத கார்டு. அதில் ஆண்டுக் கட்டணம் 500, அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 590 ரூபாய் விழுந்திருக்கிறது, பில் பழைய நம்பருக்குப் போயிருக்கிறது, அதன் மேல் அபராதமும் வட்டியும் ஏறி மாதக்கணக்கில் நிலுவை நின்றிருக்கிறது. இருபது வருடமாக வாங்கிய கடனைச் சொன்ன தேதியில் கட்டுகிற மனிதர், 590 ரூபாய்க்காக வங்கியில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. "லைஃப்டைம் ஃப்ரீ", அதாவது ஆண்டுக் கட்டணமே கிடையாது என்று வாயால் சொல்வதை நம்பாதீர்கள், எழுத்தில் வாங்குங்கள்.

விண்ணப்பங்களின் கணக்கில் அதிகம் பேச எதுவுமில்லை. ஒவ்வொரு கார்டுக்கும் விண்ணப்பிக்கும்போது வங்கி உங்கள் ரிப்போர்ட்டை எடுக்கும், அது பதிவாகும். மூன்று மாதத்தில் நான்கு விண்ணப்பம் போட்டால் பணத்துக்கு அலைகிறவர் போலத் தெரியும். நீங்களே உங்கள் ஸ்கோரைப் பார்ப்பதால் ஒன்றும் குறையாது.

சரி, பல கார்டுகளுக்கும் நியாயம் உண்டு. ஒரு கார்டு முடங்கினால் இன்னொன்று கைகொடுக்கும், மருத்துவமனைக்கு அட்வான்ஸ் கட்டவேண்டிய ராத்திரியில் அது பெரிய விஷயம். இணையத்தில் யாராவது திருடினாலும் இருபதாயிரத்தோடு போகும் என்பார்கள். அந்தப் பயத்துக்கு இப்போது வேறு வழி இருக்கிறது. 2020 அக்டோபரிலிருந்து எந்தக் கார்டிலும் ஆன்லைன் செலவை நாமே நிறுத்தலாம், அதற்குத் தனி வரம்பும் வைக்கலாம். அப்புறம் ஒரே கார்டு மட்டும் வைத்திருப்பதில் உள்ள ஆபத்து, பெரிய லிமிட்டைப் பார்த்ததும் கை நீளுவது. மாதம் 3.5 சதவீதம் என்றால் வருடத்துக்கு 42 சதவீதம். முழுத் தொகையைக் கட்டாமல் விட்டால் அடுத்து வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

இதைச் சொல்லும்போது பயிர்ச் செலவையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். உரத்துக்கும் மருந்துக்கும் கார்டைத் தேய்க்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன். கார்டில் வட்டியில்லாத காலம் கூடிப்போனால் 45, 50 நாள். ஆடுதுறை 43 நெல் அறுவடைக்கு வரவே 110 நாள் ஆகும், சி.ஆர். 1009 ரகம் போட்டால் ஐந்து மாதம். எத்தனை கார்டு வைத்திருந்தாலும் இந்த இடைவெளியை அடைக்க முடியாது. அதற்குக் கூட்டுறவு சங்கத்துப் பயிர்க்கடன் இருக்கிறது, தவணைக்குள் கட்டினால் வட்டியே இல்லை. கிசான் கார்டு இருக்கிறது, மூன்று லட்சம் வரை ஒழுங்காகக் கட்டுகிறவருக்கு 4 சதவீதம்தான் வரும். பெயரில் கார்டு இருந்தாலும் அது பயிர்க்கடன், கிரெடிட் கார்டோடு சேர்த்து எண்ண வேண்டாம்.

என் தேர்வு, வேறு வேறு வங்கியில் இரண்டு கார்டு, இரண்டிலும் நடுத்தர லிமிட். ஆனால் ஏற்கெனவே ஐந்து வைத்திருப்பவர் நாளைக்கே மூன்றை மூடிவிடக் கூடாது. மாதம் 24,000 செலவு செய்கிறவருக்கு ஒரு லட்சத்தில் அது 24 சதவீதம், மூன்றை மூடி லிமிட் நாற்பதாயிரம் ஆனதும் அதே செலவு 60 சதவீதம் ஆகிவிடும். அதனால் முதலில் பழைய கார்டு இரண்டில் லிமிட்டைக் கூட்டிக் கேளுங்கள், கூடிய பிறகு மற்றதை ஒவ்வொன்றாக மூடுங்கள். வீட்டுக் கடன் விண்ணப்பம் ஓடிக்கொண்டிருக்கும்போது எதையும் தொடாதீர்கள்.

மூடச் சொல்லிக் கேட்டால், நிலுவை இல்லாத பட்சத்தில், ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். பாக்கி இல்லை என்று எழுதி வாங்குங்கள். 2025 ஜனவரியிலிருந்து குறைந்தது பதினைந்து நாளுக்கு ஒரு முறை வங்கிகள் தகவலைப் புதுப்பித்தாக வேண்டும் என்பதால், ஒரு மாதம் விட்டு ரிப்போர்ட்டை எடுத்து அந்த வரி மூடியதாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று ரிப்போர்ட் தரும் நிறுவனங்கள் நான்கும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தருகின்றன, மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுத்தால் வருடம் முழுக்கக் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். தப்பு இருந்தால் புகார் போடுங்கள், முப்பது நாளில் தீர்க்காவிட்டால் அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. அத்தான் 590-ஐயும் அதன் மேல் ஏறியதையும் கட்டிவிட்டார், மூடிய சான்று கைக்கு வந்துவிட்டது. அடுத்த ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கிறார்.