கல்லீரல் பிரிவு டயட்டீஷியன் ஆலோசனை: போகலாமா?

அப்பாவுக்கு சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிக் கெட்டிப்படும் நோய்), கூடவே சர்க்கரை. சென்னையில் நாங்கள் காட்டும் தனியார் மருத்துவமனையில் கல்லீரல் நோயாளிகளுக்கென்றே ஒரு டயட்டீஷியன் இருக்கிறார், டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்ததால் போய்ப் பார்த்தோம். குறைகள் இருக்கின்றன, ஆனாலும் வீட்டில் இந்த நோய் உள்ளவர்கள் கட்டாயம் போக வேண்டிய ஆலோசனை இது.

எடை பார்த்தார், ஆனால் அதை அப்படியே நம்பவில்லை. வயிற்றிலும் காலிலும் நீர் கோத்திருக்கும்போது தராசு கூடுதலாகத்தான் காட்டும், அதற்குள்ளே சதை கரைந்துகொண்டிருப்பது வெளியே தெரியாது என்று சொல்லி மேல்கையை டேப்பால் அளந்தார், ஒரு கருவியை இறுக்கிப் பிடிக்கச் சொல்லிக் கைப்பிடி பலத்தையும் பார்த்தார்.

அப்புறம் புரோட்டீன். வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் பருப்பை நிறுத்து, முட்டையைத் தொடாதே, கஞ்சி மட்டும் கொடு என்றுதான் சொல்கிறார்கள். இவர் சொன்னது நேர் எதிர். நீர் போக உள்ள எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரோட்டீன், 30 முதல் 35 கலோரி. 60 கிலோ ஆளுக்கு 72 முதல் 90 கிராம் புரோட்டீன் வருகிறது, இட்லியும் ரசம் சாதமும் மட்டும் வைத்து அதை எட்டவே முடியாது. ரத்தத்தில் அம்மோனியா என்ற கழிவு ஏறி மூளை குழம்பினால் புரோட்டீனைக் குறைப்பது பழைய வழக்கம், இப்போது அப்படிச் செய்வதில்லை, 2018-இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதலே குறைக்க வேண்டாம் என்கிறது. அம்மோனியாவை வெளியேற்ற உடம்பின் சதையும் உதவுகிறது, அதனால் சதையைக் காப்பாற்றுவதுதான் முக்கியமாம். பருப்பு, சுண்டல், தயிர், பனீர் இதெல்லாம் நன்றாகவே ஒத்துக்கொள்ளும் என்றார்.

எங்களுக்கு மிகவும் உதவியது ராத்திரிச் சாப்பாடு பற்றிய பேச்சு. "ஏழரை மணிக்கு சாப்பிட்டுட்டுக் காலையில எட்டு மணி வரைக்கும் சும்மா இருக்கீங்களே ஐயா, அதுதான் உங்களை இளைக்க வைக்குது" என்று அப்பாவிடம் நேராகவே சொன்னார். நல்ல கல்லீரல் ராத்திரிக்குத் தேவையான சர்க்கரையைச் சேமித்து வைத்திருக்கும், சிரோசிஸ் வந்த கல்லீரலில் அந்தக் கையிருப்பு குறைவு, அதனால் நாம் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் என்ன ஆகுமோ அது இவர்களுக்கு ஒரே ராத்திரியில் நடந்து உடம்பு தன் சதையையே எடுத்து எரிக்கிறது. அதனால் படுக்கப் போகும் முன் பால் விட்ட சத்துமாவுக் கஞ்சியோ இரண்டு இட்லியோ சாப்பிட வேண்டும், காலையில் எழுந்ததும் ஏதாவது வயிற்றுக்குள் போக வேண்டும். சர்க்கரை மாத்திரையை இதற்கேற்ப மாற்ற டாக்டருக்கும் அவரே குறிப்பு எழுதினார்.

உப்பு நாளைக்கு ஐந்து கிராம் அளவில். ஊறுகாய், அப்பளம், கருவாடு கிடையாது. ஆனால் ருசியே இல்லாமல் தட்டைத் தள்ளிவிடுகிற அளவுக்குக் குறைக்காதீர்கள் என்றார், சாப்பிடாமல் போவது அதைவிட ஆபத்தாம். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் இருக்கிறது, பொட்டாசியத்தை உடம்பிலேயே தேக்குகிற ஸ்பைரனோலாக்டோன் என்ற நீர் மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் வாங்கக் கூடாது. இதை எங்களுக்கு வேறு யாருமே சொன்னதில்லை.

இனி குறைகள். காத்திருப்பு ரொம்ப அதிகம், பசியோடு நோயாளியை அப்படி உட்கார வைப்பது சரியே இல்லை. அச்சடித்த தாளில் ஓட்ஸ், பிராக்கோலி, ஆலிவ் எண்ணெய் என்று யாருக்கோ எழுதியது இருக்கிறது, பேனாவால் ஓரத்தில் அவர் எழுதித் தந்ததுதான் எங்களுக்குப் பயன்பட்டது. வெளியே மருந்துக் கவுன்ட்டரில் கல்லீரலுக்கான புரோட்டீன் பவுடர் டின்னை எடுத்து நீட்டுகிறார்கள், டயட்டீஷியனோ சாப்பாட்டில் அளவு எட்டாவிட்டால் மட்டும் பார்க்கலாம் என்றுதான் சொல்லியிருந்தார், அவரிடம் கேட்காமல் வாங்காதீர்கள்.

போகிறவர்கள் அப்பாயின்ட்மென்ட் காலையிலேயே கேளுங்கள், சுண்டலோ தயிர் சாதமோ கையில் கட்டிக்கொண்டு போங்கள், வீட்டில் சமைப்பவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், கேள்வி முழுக்க அவரிடம்தான் கேட்கிறார்கள்.