பத்து வாரம் காலியாகக் கிடந்த அட்டை

தங்கையின் வளைகாப்புக்காக இங்கிலாந்தின் ரெடிங் நகரிலிருந்து மூன்று வார விடுப்பில் ஊருக்குப் போயிருந்தேன். திருப்பூரில் அவள் மாமியார் வீட்டில் ஏழாம் மாதம் வளைகாப்பு நடந்தது. தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்பதால் கையோடு அவளைப் பாபநாசம் பக்கத்திலுள்ள எங்கள் கிராமத்துக்குக் கூட்டி வந்துவிட்டோம்.

மறுநாள் காலையில், "கடைசியா எப்ப செக்கப் போன?" என்று கேட்டேன்.

"அஞ்சாம் மாசம் ஸ்கேன் எடுத்தோமேக்கா. எல்லாம் நார்மல்னு எழுதிக் கொடுத்துட்டாங்க."

தனியார் ஸ்கேன் மையம் ஒன்றில் எடுத்தது அது. குழந்தையின் உறுப்புகளை அந்த ஸ்கேன் சரியாகவே பார்த்திருக்கிறது. ஆனால் அங்கே யாரும் அவளுக்கு பிரஷர் பார்க்கவில்லை, சிறுநீர் சோதிக்கவில்லை. அப்புறம் கம்பெனி வேலை, வளைகாப்பு ஏற்பாடு, ஊர் மாறுவது என்று பத்து வாரம் ஓடிவிட்டது. 'நார்மல்' என்ற ஒரு சொல்லை நம்பி வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருந்திருக்கிறார்கள்.

அவள் கொலுசு சாமி மாடத்தில் கிடந்தது. கணுக்காலை இறுக்குகிறது என்று கழற்றி வைத்திருந்தாள். "மாசமா இருந்தா கால் வீங்கத்தான் செய்யும்" என்றார் அம்மா. அது ஓரளவு உண்மைதான். ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை.

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவ்வாய்க்கிழமைதான் கர்ப்பிணிகளுக்கான நாள். எட்டரை மணிக்குப் போனபோதே நாற்பது பேர் இருந்தார்கள். உட்கார பெஞ்சு போதவில்லை. இரண்டு கழிவறைகளில் ஒன்று பூட்டிக் கிடந்தது. நிறைமாதப் பெண்கள் வரிசையில் நிற்பதைப் பார்க்க வருத்தமாக இருந்தது. பத்து பிளாஸ்டிக் நாற்காலி போட்டாலே பாதிக் கஷ்டம் தீரும், அதையாவது செய்யலாம்.

ஆனால் பதிவு செய்ய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது திருப்பூரில் கொடுத்திருந்த ஆர்.சி.எச். எண் இங்கேயும் செல்லும். அந்தப் பன்னிரண்டு இலக்கங்களைத் தட்டியதும் பழைய விவரங்கள் வந்துவிட்டன. பிறப்புச் சான்றிதழ் வாங்கவும் இந்த எண் வேண்டும், அரசு தரும் 18,000 ரூபாய் மகப்பேறு உதவிக்கும் வேண்டும். ஊர் மாறும் பெண்கள் இதை ஒரு தாளில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொண்டால் போதும். புது ஊரில் எங்கே போவது, யாரைக் கேட்பது என்று தயங்கித்தான் பலரும் இடையில் விட்டுவிடுகிறார்கள்.

முதலில் சர்க்கரைச் சோதனை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். எனக்கு இங்கிலாந்தில், தெற்காசியப் பெண் என்பதால் ஆபத்து அதிகம் என்று சொல்லி, வெறும் வயிற்றில் வரச் சொல்லித்தான் இதைச் செய்தார்கள். எங்கள் ஊரில் எல்லோருக்கும் செய்கிறார்கள், சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை. அதிகாலை பஸ் பிடித்து வரும் பெண்ணைப் பட்டினி போடாத முறை. இவளுக்கு 118 வந்தது. 140-ஐத் தொட்டால்தான் கர்ப்பகாலச் சர்க்கரை என்கிறார்கள்.

பிரஷர் 142/92.

செவிலியர் ஒன்றும் சொல்லவில்லை. மாதாமாதப் பரிசோதனையை எழுதும் அவள் கர்ப்பகால அட்டையைத் திருப்பி, பழைய வரிசையில் விரலை வைத்தார். மூன்றாம் மாதம் 110/70, நான்காம் மாதம் 112/70, அதற்குக் கீழே வெறும் கட்டங்கள். தங்கையின் முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்துச் சில விநாடிகள் அழுத்தி எடுத்தார். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. இடதுபக்கமாகப் படுக்க வைத்து, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்த்தார். 140/92. சிறுநீரில் புரதம் ஒரு பிளஸ்.

"தலைவலி இருக்காம்மா? கண்ணு மங்குதா, பூச்சி பறக்குற மாதிரி தெரியுதா? மேல்வயித்துல வலி?"

ஒன்றும் இல்லை என்றாள் தங்கை. பயமே அதுதான். பிரஷர் ஏறுவது பல பெண்களுக்குத் தெரியவே தெரியாது. தலைவலியும் கண் மங்கலும் வரும்போது நிலைமை முற்றியிருக்கும், கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரை போகும். அந்தக் காலத்தில் ஜன்னி என்று சொன்னது இதைத்தான். எங்கள் அப்பாயி தன் அக்காவை அப்படித்தான் இழந்தார்.

ரத்த அளவும் (ஹீமோகுளோபின்) 8.8-தான் இருந்தது, கர்ப்பத்தில் 11-க்குக் குறையக் கூடாது. விசாரித்தால், மலம் கறுப்பாகப் போகிறது என்று இரும்புச்சத்து மாத்திரையை அவளே நிறுத்தியிருக்கிறாள். "கறுப்பாத்தான் போகும், பயப்படாத. டீயோட மட்டும் போடாத, எலுமிச்சை ஜூஸோட போடு" என்றார் செவிலியர். திருப்பூரில் மாதாமாதம் போயிருந்தால் இந்த வார்த்தை இரண்டு மாதம் முன்பே அவள் காதில் விழுந்திருக்கும்.

மருத்துவர் பார்த்துவிட்டு அன்றைக்கே 108-இல் தஞ்சாவூர் இராசா மிராசுதார் மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார். மூன்று நாள் வைத்திருந்து, பிரஷருக்கு மாத்திரை தொடங்கி, குழந்தையின் வளர்ச்சியையும் பார்த்து, வாரம் ஒருமுறை கட்டாயம் பரிசோதனை என்று எழுதி அனுப்பினார்கள். ரத்தம் ஏற இரும்புச்சத்தை டிரிப்ஸில் ஏற்றினார்கள். எங்களுக்கு ஆன செலவு சாப்பாடும் திரும்பி வந்த ஆட்டோவும்தான்.

2018–20 கணக்குப்படி, ஒரு லட்சம் உயிருள்ள பிரசவங்களுக்குத் தாய் மரணம் தமிழ்நாட்டில் 54, இந்திய அளவில் 97. தமிழ்நாட்டின் எண் ஏன் குறைவு என்பதற்கு என் கண் முன்னால் ஒரு காரணம் நடந்தது. 142/92 மட்டும் பார்த்திருந்தால் 'வெயில்ல வந்த களைப்பு' என்று யாராவது சொல்லியிருப்பார்கள். மேலே 110 என்று எழுதியிருந்ததால்தான் செவிலியரின் விரல் அங்கேயே நின்றது. இடையில் இரண்டு கட்டம் நிரம்பியிருந்தால் இன்னும் முன்னாடியே நின்றிருக்கும்.

நான் ரெடிங்குக்குத் திரும்பிவிட்டேன். செவ்வாய்க்கிழமைதோறும் அம்மா அட்டையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். போன வாரம் 128/82, ரத்தம் 9.9. ஒரு வாரம் தங்கை போகத் தாமதமானபோது, பதினோரு மணிக்கெல்லாம் கிராம செவிலியர் போன் செய்து, "ஏன்மா இன்னும் வரல?" என்று கேட்டாராம்.